நாக்குக்கு ஒரு சாக்கா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம்.

இறைச்சி உணவு மருந்தா, நோயா? மருந்து என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி ஐயா முதலில் வள்ளுவரைக் கூப்பிட்டார். புலால் மறுத்தலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார், உண்மை. யாருமே தின்னாத ஊருக்கு அந்த அதிகாரம் எதற்கு? கரிகாலன் வீட்டு விருந்தில், இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போலப் பல் மழுங்கிப்போனது என்கிறார் பொருநராற்றுப்படைப் புலவர். கீழடியில் தோண்டியபோது மாடு, ஆடு, காட்டுப்பன்றி எலும்புகளும்தான் கிடைத்தன. வரலாறு அவ்வளவு போதும்.

அப்புறம் 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சொன்னதை எடுத்து வைத்தார். பாதியைத்தான் வைத்தார். புற்றுநோய் வரும் என்று உறுதியாகச் சொன்னது சொசேஜ், பேக்கன் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியை. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்றது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறியை 'வரக்கூடும்' என்ற அடுத்த வரிசையில்தான் வைத்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் குச்சியில் குத்தி விற்கிற சொசேஜை ஐயா திட்டட்டும், நானும் சேர்ந்து திட்டுகிறேன். என் பாட்டி அம்மியில் அரைத்து வைத்த கறிக்குழம்பை அந்த வரிசையில் நிறுத்த விடமாட்டேன்.

இதோடு உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஐயா கடைசியில் ஒன்று சொன்னார். "தோட்டத்துச் சனம் கறிக்கு அலைந்த சனம். வரலாறு, அறிவியல் எல்லாம் நாக்குக்கு ஒரு சாக்கு" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

நாக்குக்கு ஒரு சாக்கா? சரி, ரப்பர் தோட்டத்தில் என் பாட்டி இருந்த லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு வாருங்கள்.

வருடம் 1961. தீபாவளிக்கு முந்தின நாள் விடியல். லயத்துக் கோடியில் கொய்யா மரத்தடியில் பங்கு ஆடு. பத்து வீடு சேர்ந்து ஓர் ஆடு, காசு சம்பளத்தன்று. வாழை இலையை விரித்து, தொடை, நெஞ்செலும்பு, குடல் எல்லாம் சமமாகக் கூறு போடுவார் ஆடு உரிக்கிற தாத்தா. எந்தக் கூறு யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவார்கள். ஈரலில் நல்ல பாதி மட்டும் சீட்டுக்கு வராது, தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டுக்குப் போய்விடும்.

கூறு போடாத ஒன்று இன்னும் இருக்கிறது. சுவரொட்டி! ஆட்டின் மண்ணீரல். உள்ளங்கை அகலம்கூட வராது, கருஞ்சிவப்பாக இருக்கும். தாத்தா அதை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு லயத்தையே பார்த்துக் கேட்பாராம்: "எந்த வீட்டுல பச்ச உடம்பு?"

கிராணி வீட்டு ஆள் கூடையோடு நிற்கிறான். "அதையும் போடு" என்கிறான். தாத்தா அவன் பக்கம் திரும்பவில்லை. மறுபடியும் சத்தமாக, "எந்த வீட்டுல பச்ச உடம்பு?"

ஆறாம் எண் வீட்டில் என் பாட்டி. என் அம்மாவைப் பெற்றுப் பன்னிரண்டு நாள். நகமெல்லாம் வெளுத்துப் போய், எழுந்தால் கண் இருட்டுகிறது. ஒரு மாதத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகவேண்டும், மலைக்காட்டில் பால் வெட்டவேண்டும். பாட்டி பங்குக்குக் காசு கட்டவில்லை, தாத்தா கேட்கவுமில்லை. சுவரொட்டி ஆறாம் எண்ணுக்குப் போனது. கரி அடுப்பில் வாட்டி, உப்பும் மிளகும் தொட்டு ஊட்டினார்கள்.

ஐயா அறிவியல் கேட்டார். அமெரிக்காவில் விப்பிள் என்ற மருத்துவர் நாய்களின் ரத்தத்தை எடுத்துவிட்டு, எந்த உணவு அதை மீட்கிறது என்று பார்த்தார். முன்னால் நின்றது ஈரல். 1926-இல் பாஸ்டனில் மைனட், மர்பி இருவரும், அன்று ஆளையே கொன்றுகொண்டிருந்த ஒரு கொடிய ரத்தசோகையை நோயாளிகளுக்கு ஈரல் கொடுத்தே மீட்டார்கள். 1934-இல் மூவருக்கும் நோபல் பரிசு. 1948-இல்தான் அந்த ஈரலிலிருந்து பி12 வைட்டமினைத் தனியாகப் பிரித்தார்கள். அந்த நோய் வேறு, பிரசவத்தில் ரத்தம் போவது வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரத்தம் இழந்த விப்பிளின் நாய்களை மீட்டது பெரும்பாலும் ஈரலில் இருந்த இரும்புச்சத்து. சுவரொட்டியில் இருப்பதும் அதே இரும்புச்சத்து.

கொய்யா மரத்தடித் தாத்தாவுக்கு விப்பிளைத் தெரியாது. யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. ஐயா, கறிக்கு அலைந்த சனமா இது? ஆட்டில் இருந்த ஒரே ஒரு சுவரொட்டியைப் பத்து வீடும் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவர் நாக்கும் நீளவில்லை.

தோட்டம் கைமாறியது, லயத்தை இடித்தார்கள், பாட்டி இந்த ஊருக்கு வந்தார். 2012-இல் எனக்குப் பெண் பிறந்தது. அடுத்த வாரம் பாட்டி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மார்க்கெட் போயிருக்கிறார். முட்டிவலியோடு கடை கடையாகக் கேட்டு, மத்தியானம் திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. கேஸ் அடுப்பில் முள்கரண்டியில் குத்தி வாட்டினார். தனக்கு ஒரு துணுக்குக்கூட எடுக்கவில்லை. நான் மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்புறம் கட்டைவிரலால் என் கீழ் இமையை மெல்ல இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் வெளுப்பாத்தான் இருக்கு. நாளைக்கும் போறேன்" என்றார்.

போனார், நடுவர் அவர்களே. மறுநாளும் போனார்.