மல்கோவாக் கொட்டையும் டி.என்.ஏ.வும்

(தேசிய அறிவியல் நாளன்று சேலத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கும் விலங்கியல் ஆசிரியர் அவர்களே, பந்தலும் மைக் செட்டும் பணம் வாங்காமல் போட்டுக் கொடுத்த முன்னாள் மாணவத் தம்பிகளே, என் கண்மணிகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாக ஒரு மாங்கன்று கொடுத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு வணக்கம்.

இன்றைக்கு டி.என்.ஏ.வைப் பற்றி, அதாவது ஓர் உயிர் எப்படி வளர வேண்டும் என்று செல்லுக்குள் எழுதி வைத்த குறிப்பைப் பற்றி, மூன்று விஷயம் பேசப் போகிறேன். டி.என்.ஏ. எப்படி இருக்கிறது, தன்னை எப்படி நகல் எடுக்கிறது, அந்த நகல் பிள்ளைக்கு எப்படிப் போகிறது. ‘விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஏன் முளைக்காது என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கண்ணாடி டம்ளரைப் பாருங்கள். கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, உப்பும் தண்ணீரும் நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, துணியில் வடிகட்டி வைத்திருக்கிறேன். சோப்பு செல்லின் சவ்வைக் கரைத்துவிடும். இப்போது ஐஸில் வைத்த ஸ்பிரிட்டை டம்ளர் ஓரமாக மெல்ல ஊற்றுகிறேன். பொறுங்கள். மேலே எழும்புகிறதே, நனைந்த பஞ்சு போல வெள்ளையாக, அதுதான். எண்ணி முடியாத டி.என்.ஏ. இழைகள் ஒன்றாகத் திரண்டு நிற்கின்றன.

அதில் ஓர் இழையைப் பெரிதாக்கிப் பார்த்தால் முறுக்கிய நூலேணி போல இருக்கும். இரண்டு பக்கக் கயிறும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. படிகள்தான் எழுத்துகள்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். அடினைன் தைமினோடுதான் சேரும், குவானைன் சைட்டோசினோடுதான் சேரும். மனிதனின் ஒரு தொகுதி டி.என்.ஏ.வில் ஏறக்குறைய 300 கோடிப் படிகள். ஒரு செல்லுக்குள் இருக்கும் இரண்டு தொகுதியையும் நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும்!

1953இல் வாட்சன், கிரிக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த வடிவத்தைச் சொன்னார்கள். அதற்குப் பெருந்துணையாக இருந்தது ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வுக்கூடத்தில் 1952இல் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம். பெண் பிள்ளைகளே, அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1962இல் அவர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது அந்த அம்மா உயிரோடு இல்லை.

நகல் எடுப்பது எளிது. ஏணி நடுவில் பிரிகிறது. ஒவ்வொரு பாதியும் தன் ஜோடி எழுத்துகளைச் சேர்த்துக்கொள்கிறது. ஓர் ஏணி இரண்டாகிறது. சரி, இந்த நகல் பிள்ளைக்கு எப்படிப் போகிறது? அதற்கு என் அத்தை கதையைச் சொல்ல வேண்டும்.

அயோத்தியாப்பட்டணம் பக்கம் அத்தை வீடு. ஒரு கோடையில் மாமா அருமையான மல்கோவா வாங்கி வந்தார். இந்த ருசி நம்ம வீட்டிலேயே இருக்கட்டும் என்று அத்தை கொட்டையைக் கொல்லையில் ஊன்றிவிட்டார். தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீர் அதற்குத்தான். ஆடு கடிக்காமல் முள் கட்டினார். எட்டு வருஷம்! முதல் காய்ப்பில் சொந்தக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு, வாழையிலை போட்டு, அறுத்து வைத்தார். வாயில் வைத்தால் புளிப்பு. பல்லெல்லாம் நார். அத்தை அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. பக்கத்து வீட்டுக் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார். மாமாதான் கேட்டார்: “விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? அம்மா மல்கோவா, சரி. அப்பா யாருன்னு பார்த்தியா?”

அதுதான் விஷயம். மாம்பூவுக்கு ஈயும் பூச்சியும் எங்கிருந்தோ மகரந்தம் கொண்டு வரும். மாங்கொட்டைக்குள் இருக்கும் கருவில் பாதி டி.என்.ஏ. தாய்மரத்தினுடையது, பாதி அந்த மகரந்தத்தினுடையது. டி.என்.ஏ.வைச் சுருட்டி வைத்த கட்டுக்குக் குரோமோசோம் என்று பெயர். மாவில் 40 குரோமோசோம். அம்மாவிடமிருந்து 20, அப்பாவிடமிருந்து 20. அதனால் மல்கோவாக் கொட்டையை ஊன்றி அதே மல்கோவாவை எதிர்பார்க்க முடியாது. அதே மரம் வேண்டுமானால் ஒட்டுக் கட்ட வேண்டும், அதாவது தாய்மரத்தின் குச்சியை வேரோடு இருக்கும் இன்னொரு மாங்கன்றில் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒட்டில் கலப்பு இல்லை. தாய்மரத்தின் செல்தான் நகல் எடுத்து நகல் எடுத்து வளர்கிறது.

அப்படியானால் ஒரு பழைய மரத்தை வெட்டினால் என்ன போகிறது? ஒட்டுக் கட்டி வைக்காத மரம் என்றால், அந்தக் கோடிக்கணக்கான எழுத்துகள் அதே வரிசையில் மறுபடி ஒருநாளும் வராது. சேலத்தைச் சுற்றித் தோப்புகள் மனைகளாகின்றன. என் அத்தை வீட்டுத் தெருக்கோடியில் பேர் தெரியாத ஒரு மரம் இருந்தது. பழம் சின்னது, மணம் நாலு வீட்டுக்கு வரும். போன வருஷம் போனேன், அடிமரம்கூட இல்லை. யாரும் ஒரு குச்சி எடுத்து வைக்கவில்லை. நானும்தான் எடுக்கவில்லை.

வார்டு உறுப்பினர் அவர்களே, பள்ளிக்குப் பின்னால் முள் மண்டிக் கிடக்கும் இடத்தைச் சுத்தம் செய்து கொடுங்கள். பிள்ளைகளே, மே, ஜூனில் சாப்பிடும் மாங்கொட்டையைத் தூக்கி எறியாதீர்கள். ஈரம் காயும் முன்னே மண் நிரப்பிய பையில் ஊன்றி வையுங்கள். அது வேருக்கு ஆகும். உங்கள் தெருவில், தாத்தா தோட்டத்தில் இருக்கும் பழைய மரத்தைப் பார்த்து வையுங்கள். மழை தொடங்கியதும் வருகிறேன். பிளேடும் சுற்றுகிற பாலிதீன் நாடாவும் என் பொறுப்பு. குச்சி உங்கள் பொறுப்பு.