நர்சிங் படிக்கிற தங்கச்சிகளா, தம்பிகளா, வெசனப்படாதீங்க!

வணக்கம்ங்க. இன்றைக்குப் படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள், திண்ணையில் ஆட்டுக்கல் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுகிறேன். மூன்று நைட் டியூட்டி முடித்துவிட்டு நேற்றுதான் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தேன். பின்னால் யாரோ கத்துவது மாதிரி கேட்கிறதே, அது மயில். எங்கள் காட்டில் கோழியைவிட மயில்தான் இப்போது அதிகம்.

போன வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள். "அக்கா, முதல் வருஷம்தான் படிக்கிறேன், இப்பவே முடியல, விட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாமான்னு இருக்குது." நானும் அப்படி நினைத்தவள்தான். 2014-ல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன், 2018-ல் முடித்தேன், இப்போது ஈரோட்டில் ஐ.சி.யூ.வில் வேலை. எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு பரிட்சை. உங்களுக்கு 2021-22 பேட்ச்சிலிருந்து செமஸ்டர் ஆகிவிட்டது, மொத்தம் எட்டு. ஒரு போஸ்டிங், அதாவது ஒரு வார்டில் பயிற்சி, முடித்து மூச்சு விடுவதற்குள் காலேஜ் வைக்கும் இன்டர்னல் பரிட்சை வந்துவிடுகிறது, அதனால் எங்களைவிட உங்களுக்கு நெருக்கடி அதிகம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் கஷ்டப்பட்டதில் பாதி நானே இழுத்து விட்டுக்கொண்டது. என்ன செய்தேன் என்றால், காலையில் வார்டில் பார்ப்பது ஒரு வேலை, ராத்திரி புத்தகத்தில் படிப்பது வேறொரு வேலை என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தேன். வார்டில் நிமோனியா பேஷண்ட்டைப் பார்த்துவிட்டு வருவேன், ராத்திரி உட்கார்ந்து எலும்பு மஜ்ஜை படிப்பேன். இரண்டும் ஒட்டவே இல்லை. பரிட்சைக்கு முந்தின நாள் எல்லாம் புதுசாகத் தெரியும்.

அதை மாற்றிவிட்டது ஒரு ஐயா. இரண்டாம் வருஷம், மெடிக்கல் வார்டு. பள்ளிபாளையம் பக்கம், தறிப் பட்டறையில் முப்பது வருஷம் ஓட்டியவர், கூடவே பீடி. அவருக்கு சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய். கட்டிலில் படுக்கவே மாட்டார், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார். நான் ஆர்வக்கோளாறில் அவருக்கு மூச்சிரைக்கிறதே என்று ஆக்சிஜனைக் கூட்டி வைக்கப் போனேன். சிஸ்டர் வந்து கையைத் தட்டிவிட்டு, "இவருக்கு ரத்தத்துல ஆக்சிஜன் 88-லிருந்து 92 சதவீதம் இருந்தா போதும், நூறு ஆக்கணும்னு நினைக்காதே, ஏன்னு இன்னிக்கு ராத்திரி படிச்சுட்டு வந்து நாளைக்கு என்கிட்டச் சொல்லு" என்றார்.

படித்தேன். இந்த நோய்க்காரர்களில் சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறிப் போனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிப் போய் மயக்க நிலைக்கே போகலாம். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் ஏன் அவருக்கு லேசாக இருக்கிறது, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடச் சொல்வது எதற்கு, எல்லாம் ஒரே ராத்திரியில் மண்டையில் ஏறியது. ஏனென்றால் படிக்கப் படிக்க எனக்கு அந்த ஐயாவின் முகம்தான் தெரிந்தது. பத்து வருஷம் ஆகப் போகிறது, இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் சி.ஓ.பி.டி. சொல்வேன்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். இன்று காலையில் யாரைப் பார்த்தீர்களோ, இன்று ராத்திரி அவருடைய நோயைப் படியுங்கள். ஒரு பேஷண்ட், ஒரு மணி நேரம், அவ்வளவு போதும். அவர் சாப்பிடும் மாத்திரை ஃபார்மகாலஜி, அவருடைய உறுப்பு அனாட்டமி, அவருக்குச் செய்த சுத்தம் நர்சிங் ஃபவுண்டேஷன். தனியாக எதையும் தேடிப் போக வேண்டியதில்லை.

சரி, ரெக்கார்டு, வார்டில் செய்ததை எழுதிக் காட்டுகிற நோட்டு. இதுதானே எல்லோருக்கும் வயிற்றெரிச்சல்!

ஒரு அவமானத்தைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. எட்டு கேர் பிளானை, அதாவது ஒரு பேஷண்ட்டுக்கு என்ன பிரச்சினை, என்ன கவனிப்பு என்று எழுதுவதை, கடைசி வாரம் வரைக்கும் தள்ளிவிட்டு, ஒரே ராத்திரியில் சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். மூன்றாம் நாள் மேடம் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார். குடலிறக்க ஆபரேஷன் செய்த எழுபது வயது தாத்தாவுக்கு நான் எழுதியிருந்த கேர் பிளானில், "கர்ப்பப்பை நன்றாகச் சுருங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்" என்று ஒரு வரி. தூக்கக் கலக்கத்தில் இரண்டு பக்கம் சேர்த்துத் திருப்பியிருக்கிறேன். எட்டையும் திரும்ப எழுதினேன், அது வேறு கதை.

அப்புறம்தான் இந்தப் பழக்கம் வந்தது. இதோ பாருங்கள், பத்து ரூபாய் பாக்கெட் நோட்டு, அட்டையில் பெட்டாடின் கறைகூட அப்படியே இருக்கிறது. வார்டை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் நான்கு வரி எழுதிவிடுவேன். அவர் என்ன சொன்னார், நான் என்ன அளந்தேன், என்ன செய்தேன், செய்த பிறகு என்ன ஆனது. இந்தப் பக்கத்தைப் படிக்கிறேன், "தூக்கம் வரல, இழுக்குதுங்கறார். ரெஸ்பிரேஷன் 28. சாய்வாக உட்கார வைத்தேன். அரை மணி கழித்து 24." ரெஸ்பிரேஷன் என்றால் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்பது. இந்த நாலு வரிதான் கேர் பிளான், மீதி எல்லாம் கட்டம் போடுகிற வேலை. பேஷண்ட் பெயரை எழுதாதீர்கள், போனில் போட்டோ எடுக்கவே எடுக்காதீர்கள்.

மூச்சு எண்ணுவது பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது, "ஐயா, மூச்சை எண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டு எண்ணாதீர்கள். சொன்னதும் அவர் மூச்சை மாற்றி விட ஆரம்பித்துவிடுவார். நாடி பார்த்த விரலை அப்படியே மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்கு நகர்த்தி ஒரு நிமிஷம் முழுசாக எண்ணுங்கள்.

இப்போது என்னை மாதிரி தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு. முதல் நாள் அனாட்டமி வகுப்பில் 'டிரைகஸ்பிட்' என்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மூவிதழ் வால்வு. அட, இது நமக்குத் தெரிந்ததுதானே! பழைய அறிவியல் புத்தகத்தை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னேன். முதலில் தமிழில் புரிந்துகொண்டு பிறகு இங்கிலீஷ் பெயரை ஒட்டினேன். பெயர்களையும் துண்டு போட்டால் பயம் போய்விடும். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது, 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'டாக்கி' வேகம், 'பிராடி' மெதுவு.

மருந்தும் இதே கதைதான். 'பிரில்' என்று முடிகிறதா, பி.பி. மாத்திரை, வறட்டு இருமல் வருகிறதா என்று கேளுங்கள். 'ஓலால்' என்று முடிகிற அட்டெனொலால், மெட்டோபுரொலால் என்றால் கொடுப்பதற்கு முன்னால் நாடியும் பி.பி.யும் பாருங்கள். 'பிரசோல்' என்று முடிந்தால் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன். நீர் பிரிய வைக்கும் ஃபியூரோசிமைடு போட்டால் சிறுநீரோடு பொட்டாசியமும் போகும். குடும்பம் குடும்பமாகப் படித்தால் நூறு மருந்து பத்து குடும்பம் ஆகிவிடும்.

கணக்குக்குப் பயப்படுகிறவர்கள் இதை மட்டும் பாருங்கள். 500 மில்லி டிரிப், நாலு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப் குழாய் செட்டின் கவரில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டிருக்கிறது. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000. நாலு மணி நேரம் என்பது 240 நிமிஷம். வகுத்தால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. ஒரு நிமிஷம் முழுக்க நின்று எண்ண முடியாத அவசரத்தில் 15 விநாடி எண்ணுங்கள், பத்து பதினொன்று விழ வேண்டும். செட் மாறினால் 20 என்பதும் மாறும், பொடிச் சொட்டாக விழும் மைக்ரோ டிரிப் செட் என்றால் 60. அதனால் கவரைப் படிக்காமல் கணக்குப் போடாதீர்கள். அப்போதும் சந்தேகமாக இருந்தால் சிஸ்டரைக் கேளுங்கள், திட்டினால் திட்டட்டும். கேட்டுவிட்டு வாங்கும் திட்டு சாயங்காலத்துக்குள் மறந்துபோகும்.

உடம்பு. முதல் வருஷம் நான் டே ஸ்காலர், காலை 5.40 பஸ், அம்மா கட்டிக் கொடுத்த டிபனைப் பஸ்ஸில் பிரிக்கக் கூச்சப்பட்டு அப்படியே வைத்திருப்பேன். ஒரு நாள் சர்க்கரைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங், நான் ட்ரே பிடித்துக்கொண்டு நிற்கிறேன், காது அடைத்தது, வேர்த்தது, அவ்வளவுதான், கண் விழித்தால் தரையில் கிடக்கிறேன். பக்கத்துக் கட்டில் ஆத்தா, அந்தியூர்க்காரர், அவரே டிரிப்போடு இருக்கிறார், "ஏங்கண்ணு, சோறு தின்னியா இல்லியா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது" என்று மேரி பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். ரத்தம் பார்த்து மயங்கினேன் என்று வகுப்பு முழுக்கப் பேச்சு. வெறும் வயிறுதான் காரணம், மறுநாள் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அதே டிரெஸ்ஸிங்கில் நின்றேன், ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் சாப்பிடுங்கள், யார் பார்த்தால் என்ன? நிற்கும்போது முட்டியை இறுக்கிப் பூட்டி நிற்காதீர்கள், காது அடைத்தால் கௌரவம் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். ஷூவில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இது கொஞ்சம் கனமான விஷயம். வார்டில் முதல் சாவு. எனக்கு அது ஒரு பையன், பூச்சி மருந்து குடித்துவிட்டு வந்தவன், என் வயதுதான் இருக்கும். இரண்டு நாள் விஷ முறிவுக்கு அட்ரோபின் ஓடியது, நான்தான் மணிக்கொரு தரம் கண்பாப்பா பார்த்து எழுதினேன். மூன்றாம் நாள் காலையில் போனால் கட்டிலில் புது விரிப்பு. யாரும் எதுவும் சொல்லவில்லை, எனக்கு அடுத்த பேஷண்ட்டைக் கொடுத்தார்கள். நான் பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை, சொன்னால் "நர்சுக்குப் படிக்கிறவ இதுக்கெல்லாம் அழுவாளா" என்பார்கள் என்று பயம். அழலாம். நான் இப்போதும் அழுகிறேன், விரிப்புத் துணி வைக்கும் லின்னன் ரூமில் போய். கூடப் படிக்கிற ஒருத்தியிடமாவது அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தூக்கம், சாப்பாடு இரண்டும் கெட்டுப்போய் உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு வந்தால் டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நம்பரை இப்போதே போனில் போட்டு வையுங்கள், உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் ஹாஸ்டலில் யாருக்காவது தேவைப்படும்.

காசு பற்றியும் ஒருத்தி கேட்டிருந்தாள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய், 2022-லிருந்து கொடுக்கிறார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-ல் நம் கோயமுத்தூரில்தான் தொடங்கினார்கள். காலேஜ் ஆபீஸில் போய் நீங்களே கேளுங்கள். பஸ் செலவும் ஜெராக்ஸ் செலவும் அதில் ஓடிவிடும்.

நைட் டியூட்டியில் தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டதற்குத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன், அதில் எனக்கே இன்னும் பாதி தேறவில்லை. இருங்கள்... ஏம்மா? வர்றேன், வர்றேன். அம்மா அரிசிம்பருப்பு சாதத்துக்கு நெய் ஊற்றி வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார், ஆறினால் எனக்குத் திட்டு விழும். வச்சுடறேன்ங்க.