பாம்பு வளர்ப்பு அட்வைஸ் ஏன் மாறிக்கிட்டே இருக்கு

வணக்கம் நேயர்களே. வெளிநாட்டுல வீட்டுல வளர்க்கிற பாம்புங்கள பத்தி பேசத்தான் வந்திருக்கேன், முக்கியமா பால் பைத்தான் (ball python, பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கிற மலைப்பாம்பு வகை), கார்ன் ஸ்நேக் (corn snake, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு), அமெரிக்கா பிரிட்டன்ல இது ரெண்டும் ரொம்ப பிரபலம். இந்தியாவுல இருந்து கேக்குறவங்களுக்கு ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், நம்ம ஊர் பாம்ப புடிச்சு வீட்ல வெக்கிறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், தயவுசெஞ்சு செய்யாதீங்க.

பழைய அட்வைஸ் எதை எடுத்தாலும் அடியில ஒரே கேள்விதான் இருக்கும், பாம்பு சாகாம இருக்கா, திங்குதா, முட்டை போடுதா. 90கள்ல ஹாட் ராக்னு ஒண்ணு வித்தாங்க, கரண்ட்ல சூடாகுற கல்லு, பாம்பு அது மேலயே படுத்துக் கெடக்கும், வயிறு வெந்தாலும் நகராது, தீக்காயத்தோட டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுவாங்க. இப்போ எந்த ஹீட்டரா இருந்தாலும் தெர்மோஸ்டாட், அதாவது சூடு அளவு மீறாம பாத்துக்கிற கருவி, இல்லாம மாட்டாதீங்கன்னுதான் சொல்றோம்.

எனக்கு ரொம்ப வருத்தம் குடுக்கிறது இந்த டப்பா விஷயம். பால் பைத்தான பெரிய இடத்துல விட்டா பயந்துக்கும், சாப்பிடாது, சின்ன பிளாஸ்டிக் டப்பா போதும்னு வருஷக்கணக்கா சொல்லிட்டாங்க, நூத்துக்கணக்குல பாம்பு வெச்சு குட்டி விக்கிறவங்களுக்கு அலமாரி அலமாரியா டப்பா அடுக்கிறது சுலபம், அவங்க பழக்கம் அப்படியே ஒரே ஒரு பாம்பு வெச்சிருக்கிற வீட்டுக்கும் வந்துருச்சு. உண்மையில பயம் இடம் பெருசுங்கறதால இல்லைங்க, ஒளிய இடம் இல்லைங்கறதால. ரெண்டு மூணு பொந்து, இலை, கொம்பு எல்லாம் போட்டு குடுத்தா பெரிய கூண்டுலயும் நல்லாவே சாப்பிடும். மேற்கு ஆப்பிரிக்காவுல இது எலி வளையிலயும் கரையான் புத்துலயும் இருக்கிற பாம்பு, ஆனா ஆண் பாம்புங்க மரமும் ஏறுதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க பதிவு பண்ணிருக்காங்க, அந்த டப்பாவுக்குள்ள எங்க ஏறும் சொல்லுங்க? உடம்ப முழுசா நீட்டிப் படுக்க கூண்டுல இடம் இருக்கணும், அதுக்குக் கீழ நான் ஒத்துக்க மாட்டேன்.

தனி டப்பாவுல போட்டு தீனி குடுக்கிறதும் வேண்டாம், தின்ன உடனே திரும்ப கூண்டுல விடறதுக்குத் தூக்கினா கக்கிரலாம்.

யூவி லைட் கதைதான் இன்னும் முடியல, அதாவது வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர குடுக்கிற லைட், அந்தக் கதிர் தோல்ல பட்டா உடம்புல விட்டமின் டி உருவாகும். எலிய முழுசா முழுங்குது, விட்டமின் டி அதுலயே கிடைச்சிரும், லைட் எதுக்குன்னாங்க. 2008ல கார்ன் ஸ்நேக்க வெச்சு பாத்தப்போ லைட்டுக்குக் கீழ இருந்ததுங்க ரத்தத்துல விட்டமின் டி நல்லா ஏறியிருந்துச்சு, ஆனா 2013ல பால் பைத்தான்ல பாத்தா பெருசா வித்தியாசம் இல்ல. அதனால ஒரு பாம்புக்கு சொன்னத இன்னொண்ணுக்கு அப்படியே சொல்ல முடியாது. கார்ன் ஸ்நேக் வெச்சிருந்தா கம்மி பவர் யூவி லைட் பகல்ல போடுங்க, கூண்டுல ஒரு பக்கம் நிழலா விடுங்க, நடுவுல கண்ணாடி வெக்காதீங்க, கண்ணாடி அந்தக் கதிர தடுத்துரும். பால் பைத்தானுக்கும் போடலாம், தப்பில்ல, ஆனா லைட்டுக்கு முன்னாடி கூண்டுக்கு செலவு பண்ணுங்க.

நன்றி, வணக்கம்.