லாக் எழுதும் சேவையில் மூன்று ஓட்டைகள்

வணக்கம். லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் ஜர்னல்டி பற்றிப் பெரிதாக யோசிப்பதில்லை. மற்ற சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியோடு சேர்ந்தே வருகிறது, எந்த நிரல் என்ன சொன்னாலும் வாங்கி எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சாதாரணப் பயனர் அனுப்புவதையும் வாங்கிக்கொள்ளும் இந்தச் சேவை ஓடுவது ரூட் அதிகாரத்தில், அதாவது கணினியில் எதையும் செய்யக்கூடிய அதிகாரத்தில். வினையே அங்கேதான்.

2019 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதில் மூன்று ஓட்டைகளை வெளியிட்டார்கள். முதலாவது தேடிப் போய்க் கண்டுபிடித்ததுகூட இல்லை. வேறொரு ஓட்டைக்காகப் பல மெகாபைட் நீளக் கட்டளை வரியோடு ஒரு நிரலை ஓட்டியிருக்கிறார்கள், அது லாக் அனுப்பும் சிஸ்லாக் செயற்கூறை அழைத்ததும் ஜர்னல்டி விழுந்துவிட்டது. செய்தி அனுப்பிய நிரலின் கட்டளை வரியையும் சேர்த்துப் பதிவது அதன் வழக்கம், அதற்கான இடத்தை அலோக்கா என்ற செயற்கூறு மூலம் ஸ்டாக்கில், அதாவது நிரலின் தற்காலிக நினைவகத்தில், எடுத்திருந்தார்கள்.

ஹீப் என்ற பொது நினைவகத்தில் இடம் எடுத்துத் தரும் மாலாக் என்றால், இடம் இல்லாதபோது இல்லை என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. அலோக்காவுக்கு அது கிடையாது, கேட்ட அளவுக்கு ஸ்டாக் சுட்டியை நகர்த்திவிட்டுப் போய்விடும். ஸ்டாக்கின் எல்லையில் கர்னல் 1 மெகாபைட் காலியிடத்தை வேலி மாதிரி விட்டிருக்கிறது, தொட்டால் நிரல் அங்கேயே செத்துவிடும். சரி, ஒரே தாவலில் பல மெகாபைட் தாண்டுகிறவன் வேலியை எதற்குத் தொடப்போகிறான்? நேரே அந்தப் பக்கத்து நினைவகத்தில் இறங்கி எழுதுவான்.

இரண்டாவதும் இதே கதைதான், கட்டளை வரிக்குப் பதில் அளவில்லாமல் புலங்களை (பெயரும் மதிப்புமான வரிகளை) அடுக்கிய ஒரு செய்தி. அந்த நிரல்வரிகள் 2011 டிசம்பரிலிருந்தே இருந்தவை. மூன்றாவது, நினைவக முகவரிகளைக் கசியவிடும் ஓட்டை. கடைசி இரண்டையும் சேர்த்து, 32 பிட் கணினியில் சராசரியாக 10 நிமிடத்தில், 64 பிட்டில் 70 நிமிடத்தில் ரூட் ஷெல் (ரூட் அதிகாரத்தோடு கட்டளையிடும் இடம்) வாங்கிக் காட்டினார்கள். உள்ளே ஏற்கெனவே ஒரு கணக்கு வேண்டும் என்பது மட்டும் ஆறுதல்.

எனக்கு எரிச்சலே, இப்படி வேலி தாண்டும் ஸ்டாக் மோதல் பற்றி இதே குவாலிஸ் 2017லேயே விலாவாரியாக எழுதியிருந்தது என்பதில்தான். அதைக் காதில் வாங்கிய ஃபெடோரா 28, 29, சூசே 15 ஆகிய டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வகைகள்) தப்பித்தன. ஸ்டாக்கைச் சிறு சிறு துண்டாகத் தொட்டுப் பார்த்து நகரும் ஜிசிசி கம்பைலர் விருப்பத்தோடு அவற்றைக் கட்டியிருந்தார்கள், அதனால் வேலியில் மோதி ஜர்னல்டி செத்ததே தவிர, ரூட் கைமாறவில்லை.

திருத்தம் எளிமையானது: கட்டளை வரி ஹீப்புக்குப் போனது, புலங்களுக்கு 1024 என்று வரம்பு வந்தது. அப்புறம், பழைய சர்வர் இருந்தால் சிஸ்டம்டி பதிப்பு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். டிஸ்ட்ரோக்கள் பழைய பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்த்துவிடுவார்கள், எனவே பொதியின் மாற்றப் பதிவில் 2019 ஜனவரி வாக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.