பழைய ரிம்மு, புது டயரு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் மதுரை பைபாஸ் ரோட்டுல வீல் அலைன்மென்ட் கடை வச்சிருக்கேன், 22 வருஷமாச்சு. எங்கப்பா லாரி டயருக்கு ரீட்ரெடிங் பண்ணவரு, ரப்பர் வேகுற வாடையிலயே வளந்தவன் நானு. டயரப் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, எல்லாத்தையும் பேசணும்னா ஒரு வாரம் வேணும், அதனால ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கிறேன். செடான் வண்டி வச்சிருக்கீங்க, சிட்டியோ சியாஸோ வெர்னாவோ எதுவோ ஒண்ணு, கம்பெனில போட்டுக் குடுத்த டயர் தேஞ்சு போச்சு, ரிம் மாத்துற எண்ணம் இல்ல, அதே ரிம்முல நல்லா பிடிச்சு நிக்கிற பெர்ஃபார்மென்ஸ் டயரா போடணும்னு ஆசை. எதப் பாத்து வாங்குறது? அதத்தான் பேசப் போறேன்.

பெர்ஃபார்மென்ஸ்னு சொன்னதும் நிறைய பேரு வேகம்னு நினைச்சுக்கிறாங்க. எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிஞ்சது 2019ல, சித்திரை மாசம், விரகனூர் ரவுண்டானாவுக்கு கொஞ்சம் முன்னாடி ரிங் ரோட்டுல. ரெண்டு மாசமா பொட்டு மழை இல்லாம இருந்து அன்னிக்கு சாயங்காலம்தான் மொத தூத்தல். மொத மழையிலதான் ரோடு ரொம்ப வழுக்கும், இத்தன நாளா ரோட்டுல படிஞ்ச ஆயிலு, ரப்பர் தூளு, புழுதி எல்லாம் தண்ணியோட சேந்து பசை மாதிரி ஆயிரும், நல்லா பெஞ்சு கழுவிவிட்டுட்டா அப்புறம் பரவால்ல. நான் 60லதான் போறேன். பால்காரரு ஒருத்தரு எக்ஸெல்ல ரெண்டு பக்கமும் கேனக் கட்டிக்கிட்டு குறுக்க திரும்புறாரு. பிரேக்க மிதிக்கிறேன், பெடலு காலுக்கடியில கடகடன்னு அடிக்குது, ஏபிஎஸ் அது வேலைய செய்யுது, ஆனா வண்டி போயிக்கிட்டே இருக்கு. அந்த கேன் மேல ஈரத்துணிய சுத்திக் கட்டியிருந்த முடிச்சு வரைக்கும் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, அம்புட்டு பக்கத்துல போய் நின்னேன். "என்னண்ணே, பைய வரக்கூடாதா"ன்னு கேட்டாரு. பையத்தான் வந்தேன், அவருகிட்ட அத எப்படிச் சொல்றது.

மறுநாள் கடைல வண்டிய லிஃப்ட்ல ஏத்திப் பாத்தா டயர்ல பட்டன், அதான் ரோட்டுல படுற ரப்பர் கட்டம், 4 மில்லி உயரம் இருக்கு. பள்ளத்துக்குள்ள ஒரு மேடு வச்சிருப்பாங்க, அது 1.6 மில்லி உயரம், பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துட்டா டயர கழட்டிறணும்னு கணக்கு. அந்தக் கணக்குப்படி எனக்கு இன்னும் 2.4 மில்லி மிச்சம் இருக்கு. ஆனா கட்டைவிரல் நகத்த வச்சு அழுத்திப் பாத்தேன், புது டயர்ல நகம் லேசா இறங்கும், இதுல பலகைய அழுத்துற மாதிரி இருந்துச்சு. சைடுல நாலு நம்பர் பாத்தேன், 3112. அதாவது 2012ம் வருஷம் 31வது வாரத்துல செஞ்சது, ஏழு வருஷம் நம்ம ஊரு வெயில்ல நின்னு நின்னு ரப்பர்ல இருந்த எண்ணெய்ப் பசையெல்லாம் போயி இறுகிப் போச்சு. தார் ரோடு நம்ம கண்ணுக்கு வழவழன்னு தெரிஞ்சாலும் அதுல பொடிப் பொடி மேடு பள்ளம் இருக்கும், மெத்துன்னு இருக்கிற ரப்பர் அதுக்குள்ள இறங்கிப் பிடிக்கும், இறுகுனது மேலாக்க சறுக்கிக்கிட்டு போயிரும். ஈரத்துல பிடி கிடைக்கிறதும் கிடைக்காததும் இங்கதான். அதனாலதான் சொல்றேன், நமக்கு பெர்ஃபார்மென்ஸ்ங்கிறது மழைல எத்தன அடில நிக்குது, வளைவுல சொன்ன பேச்சு கேக்குதா, இது ரெண்டுந்தான். திருநெல்வேலி ரோட்டுல யாரும் 200ல போகப் போறதில்ல.

இதுக்கு டயர் செய்றவங்க பண்ற முக்கியமான வேலை ரப்பர் கலவைல. முன்னாடியெல்லாம் ரப்பரோட கார்பன் பிளாக்குங்கிற கரித்தூள் மட்டும் கலப்பாங்க, அதான் டயர் கறுப்பா இருக்கு. 1992ல மிஷலின் கம்பெனி சிலிக்கா கலந்த டயர கொண்டு வந்தாங்க, ஈரத்துல பிடியும் கிடைச்சுச்சு, உருளும்போது வீணாப் போற சக்தியும் குறைஞ்சுச்சு, இன்னிக்கு நல்ல கார் டயர் எல்லாத்துலயும் சிலிக்கா இருக்கு, எவ்வளவு எப்படி கலக்குறாங்கங்கிறதுலதான் வித்தியாசம். அதனால காச கலவைக்கு குடுங்க, அகலத்துக்கு குடுக்காதீங்க. நான் இன்னிக்கு சொல்ல வந்தது இதுதான்.

ஏன்னா கடைக்கு வர்ற தம்பிங்க முக்காவாசிப் பேரு அகலமா வேணும்னுதான் கேக்குறாங்க. போன வருஷம் நாகமலைப் பக்கத்துலருந்து ஒரு தம்பி சிட்டி வண்டிய கொண்டு வந்தாப்ல. கம்பெனி சைஸு 175/65 ஆர் 15. அதாவது அகலம் 175 மில்லி, பக்கவாட்டு உயரம் அந்த அகலத்துல 65 சதவீதம், ஆர்னா ரேடியல், ரிம் 15 இன்ச். வேற ஒரு கடைல 205/65 ஆர் 15 போடுங்க தம்பி, வண்டி கும்முனு இருக்கும்னு சொல்லி போட்டும் விட்டுட்டாய்ங்க. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா உள்பக்கம் சரக் சரக்குன்னு உரசுது, அதக் காட்டத்தான் எங்கிட்ட வந்தாப்ல. கணக்குப் போட்டுக் காமிச்சேன், பழைய டயரோட மொத்த உயரம் 608 மில்லி, புதுசு 647, கிட்டத்தட்ட 6 சதவீதம் ஜாஸ்தி. சக்கரம் பெருசானா ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது முன்ன போனத விட 6 கிலோமீட்டர் கூடப் போயிக்கிட்டிருப்போம், பிக்கப் விழும், பிரேக்குக்கும் வேலை கூடும். ரிம்ம பாத்தா அஞ்சரை இன்ச் அகலம், அந்த 205 டயருக்கு அதுதான் கடைசி எல்லை. அகலமான டயர குறுகலான ரிம்முல மாட்டுனா டயரோட பக்கவாட்டு ரப்பர் ரெண்டு பக்கமும் பிதுங்கி பலூன் மாதிரி நிக்கும், வளைவுல திருப்புனா மொதல்ல அந்த பிதுக்கம் ஆடி முடிச்சிட்டுத்தான் வண்டி திரும்பும். தம்பிக்கு கிடைச்சது அழகு மட்டுந்தான். மழைக்கும் நல்லதில்ல, அதே எடை அதே காத்துல டயர் அகலமாக ஆக, தேங்குன தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கிற வேகம் குறைஞ்சுக்கிட்டே வரும்.

அந்த தம்பிக்கு நான் சொன்னது 185/60 ஆர் 15. மொத்த உயரம் 603, பழசுக்கு 5 மில்லிதான் கம்மி, அஞ்சரை இன்ச் ரிம்முக்கு அளந்து தச்ச சட்டை மாதிரி உக்காரும், அந்த சைஸுல டயரும் நிறைய கிடைக்குது. 195/60யும் உக்காரும்தான், ஆனா அதுக்கும் அஞ்சரை கடைசி எல்லை, எனக்கு அதுல மனசு வரல. பேப்பர் பேனா இருந்தா எழுதிக்கோங்க, 185/60 ஆர் 15 வண்டில 6 இன்ச் ரிம் இருந்தா 195/55 போடலாம், 185/55 ஆர் 16க்கு 205/50 போட்டா உயரம் ஒண்ணரை மில்லிதான் மாறும். எதுவா இருந்தாலும் மொத்த உயரம் 3 சதவீதத்துக்கு மேல மாறக்கூடாது, அதுலயும் கூடுறத விட கொஞ்சம் குறையுறது நல்லது. இது எதுவுமே வேணாம், கம்பெனி சைஸையே போட்டுக்கிறேன்னு சொன்னா இன்னும் சந்தோஷம், பாதிப் பேருக்கு நான் அதைத்தான் சொல்றேன்.

சைஸுக்குப் பக்கத்துலயே 84 ஹெச், 91 வி அப்படின்னு போட்டிருக்கும், அத யாரும் கண்டுக்கிறதே இல்ல. 84ன்னா ஒரு டயரு 500 கிலோ தாங்கும், 88னா 560, 91னா 615. எழுத்து வேகத்துக்கு, டி 190, ஹெச் 210, வி 240. கம்பெனி டயர்ல என்ன இருந்துச்சோ அதுக்கு கீழ போகவே கூடாது. அஞ்சு பேரு, டிக்கி முழுக்க சீர்வரிசைத் தட்டு, கத்திரி வெயில், இப்படி ராமநாதபுரம் வரைக்கும் போறவங்க நம்ம ஆளுங்க, அந்த எடையும் சூடும் சேந்துதான் டயர வெடிக்க வைக்குது.

சில டயர்ல ட்ரெட்வேர்னு ஒரு நம்பர், டிராக்‌ஷன்னு ஒரு எழுத்து இருக்கும். அது அமெரிக்காக்காரங்க வச்ச முறை, நம்ம ஊர்ல விக்கிற எல்லாத்துலயும் இருக்காது. டிராக்‌ஷன் நேர் ரோட்டுல ஈரத்துல பிரேக் போட்டு அளக்கிறது, ஏஏ தான் ஒசத்தி, அப்புறம் ஏ, பி, சி. ட்ரெட்வேர் எவ்வளவு நாள் தேயாம வரும்ங்கிறதுக்கு, 200, 300னா மெத்துன்னு இருக்கிற ரப்பர், சீக்கிரம் தேயும், 500க்கு மேலன்னா ரொம்ப நாள் வரும். ஆனா அந்த நம்பர கம்பெனியே போட்டுக்கிறதுதான், அதனால ஒரே கம்பெனியோட ரெண்டு மாடல ஒப்பிட வச்சுக்கோங்க, வேற வேற கம்பெனிய ஒப்பிடாதீங்க. தினம் ஆபீஸ் போய் வந்து மாசம் ஒருக்கா ஊருக்குப் போறவங்களுக்கு 300க்கும் 400க்கும் நடுவுல பாருங்கன்னு சொல்வேன், அதுக்கு கீழ போனா கிலோமீட்டர் வரலியேன்னு வீட்ல சண்டை வரும்.

15 இன்ச்சுல நிஜமான ஸ்போர்ட் டயர் கிடைக்கிறது செரமம்தான், அத ஒளிக்க வேண்டாம். 2020 ஜூன்ல வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும்னு கவர்மென்ட் கட்டுப்பாடு போட்டதுலருந்து முன்ன சாதாரணமா கிடைச்ச சில மாடலு கண்ணுலயே படல. சில இடத்துல எப்பவோ இறக்குன பழைய ஸ்டாக்க புதுசுன்னு தள்ளிவிடுவாங்க, பளபளன்னு கறுப்பு பாலிஷ் போட்டிருக்கும், நீங்க அந்த நாலு நம்பரப் பாருங்க. ஆறு மாசத்துக்குள்ள இருந்தா சந்தோஷமா வாங்குங்க, ஒரு வருஷம் வரைக்கும் சரி, ரெண்டு வருஷம்னா வேற காட்டச் சொல்லுங்க. நாலு டயருக்கும் தனித்தனியாப் பாருங்க, மூணு புதுசும் ஒண்ணு பழசுமா வந்தத நானே பாத்திருக்கேன்.

பெரிய அலாய் போட்டாத்தான் பெர்ஃபார்மென்ஸ்னு நினைக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன். முல்லைப்பெரியாறு குடிநீர் குழாய்க்கு தோண்டி மூடுன தெருக்கள்ல 17 இன்ச் ரிம்மும் மெல்லிசு டயருமா போயி ரிம் நசுங்கி எங்கிட்ட வர்ற வண்டிங்கள நான் எண்ணுறதே இல்ல. கம்பெனி ரிம்முல டயரோட பக்கவாட்டு உயரம் இருக்கு, அடிய அதுதான் வாங்கிக்கிது.

காசு பத்தலைன்னு ரெண்டு டயர் மட்டும் மாத்துறவங்க தினமும் வர்றாங்க, அதுல தப்பில்ல. முன்னாடி போடுங்கண்ணே, இஞ்சின் அங்கதான இழுக்குதும்பாங்க. இல்லங்க, புதுசு ரெண்டும் பின்னாடிதான் போகணும். போடிமெட்டு எறங்குறீங்கன்னு வைங்க, 17 கொண்டை ஊசி, சாரல் மழை. முன் டயர் வழுக்குனா வண்டி நேராப் போகப் பாக்கும், நமக்கு ஸ்டியரிங்லயே தெரிஞ்சிரும், வேகத்தக் குறைச்சா மறுபடி பிடிச்சுக்கும். பின் டயர் வழுக்குனா வாலு சுத்திக்கிட்டு வந்துரும், அத திருப்பிப் பிடிக்கிற வித்தை தினசரி ஓட்டுற நம்ம ஆளுகளுக்கு வராது, எனக்கும் வராது. அதனால நல்ல பிடி எப்பவும் பின்னாடி. முடிஞ்சா நாலையும் ஒரே மாடலா மாத்திருங்க.

மாட்டும்போது பக்கத்துல நில்லுங்க. சில டயர்ல சைடுல அம்புக்குறி இருக்கும், சுத்துற திசைக்குப் போடணும், சிலதுல அவுட்சைடுன்னு எழுதியிருக்கும், அந்த எழுத்து வெளிய தெரியணும், அவசரத்துல பசங்க மாத்தி மாட்டிருவாங்க. காத்து அடிக்கிற நெக்க புதுசா போடச் சொல்லுங்க, பேலன்சிங் அலைன்மென்ட் ரெண்டும் பண்ணாம வண்டிய வெளிய எடுக்காதீங்க. புது டயர்ல மேலாக்க ஒரு வழவழப்பு இருக்கும், மொத 200, 300 கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க, அதுக்கப்புறம்தான் அதோட குணம் தெரியும்.

காத்து எவ்வளவுன்னு டிரைவர் கதவத் தொறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் கணக்கு, டயர்ல எழுதியிருக்கிறது அது தாங்குற உச்ச அளவு, அத அடிச்சிறாதீங்க. வெள்ளனா வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பாக்கணும். திருமங்கலம் வரைக்கும் ஓட்டிட்டு போய் பாத்தா 32 இருந்தது 35, 36 காட்டும், சூட்டுல ஏறுறதுதான், அய்யோ ஜாஸ்தியா இருக்கேன்னு எறக்கிவிட்டா மறுநாள் காலைல 28ல நிக்கும், ரெண்டு ஓரமும் தேஞ்சு டயரு இன்னும் சூடாகும். நைட்ரஜன் அடிக்கவான்னு கேப்பாங்க, நாம அடிக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், வாரம் ஒருக்கா காத்து செக் பண்றவங்களுக்கு அது தேவையே இல்ல.

நாகமலைத் தம்பி அந்த 205ஐ வந்த விலைக்குத் தள்ளிட்டு 185/60 போட்டுக்கிட்டாப்ல. ஐப்பசில மூணாறு போய்ட்டு வந்து கடைக்கு வந்தாப்ல, எறங்கும்போது நல்ல மழைண்ணே, அம்மா பின்சீட்ல தூங்கிட்டாங்கன்னு சொன்னாப்ல. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. அப்புறம் டிக்கியத் தொறந்து ஸ்டெப்னியப் பாத்தேன், வண்டியோட வந்த டயரு, ஒருக்கா கூட எறக்குனதில்ல, காத்து 14 இருந்துச்சு. 34க்கு ஏத்திவிட்டு, உயரம் கொஞ்சம் வேற தம்பி, பஞ்சர் ஆகி இத மாட்டுனா பைய ஓட்டி பக்கத்துல இருக்கிற கடையிலயே நிறுத்திருங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன். வணக்கம்ங்க.