மில்ஃபோர்ட் போகிற அன்றைக்கு மழை என்றால் என்ன செய்வது?

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன், மற்றவை அடுத்த வாரம். இதைப் படித்த நேரத்திலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். குடும்பத்தோடு நியூசிலாந்து வருகிறார்களாம், குயின்ஸ்டவுனில் மூன்று நாள். நடு நாளில் மில்ஃபோர்ட் சவுண்டுக்கு, அதாவது செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த இடத்துக்கு, பஸ்ஸும் படகும் சேர்ந்த ஒரு நாள் டூர் போட்டிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்குத் திரும்புகிற டூர். அன்றைக்குப் பார்த்து மழை என்று போன் காட்டுகிறதாம். "கேன்சல் செய்துவிடலாமா? இரண்டு மணி நேரப் படகுக்காக மழையில் பதின்மூன்று மணி நேரம் அலைய வேண்டுமா? அப்பாவுக்கு 71 வயது" என்று கேட்டிருக்கிறார்.

கேன்சல் செய்யாதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், வீடியோவைப் பாதியில் நிறுத்தினாலும் இது உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன்: மழை இல்லாமல் பார்த்த மில்ஃபோர்ட் பாதி மில்ஃபோர்ட்தான். ஆறுதலுக்காகச் சொல்கிற பேச்சு இல்லை இது. நான் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை போனபோது நல்ல வெயில். ஒரு மேகம் கிடையாது. மைட்டர் பீக் என்கிற அந்தக் கூம்பு மலை கடல் மட்டத்திலிருந்து நேரே கிட்டத்தட்ட 1,700 மீட்டர் எழும்பி நிற்கிறது, அதன் உச்சி வரைக்கும் தெரிந்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கப் பாறைச் சுவரிலும் இரண்டே இரண்டு பெரிய அருவிகள்தான் இருந்தன. படகுத் துறைக்குப் பக்கத்தில் லேடி போவன் அருவி, 162 மீட்டர். கொஞ்சம் உள்ளே போனால் ஸ்டர்லிங் அருவி, அது 150 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வருடம் முழுக்க நிற்காமல் விழுகிற பெரிய அருவிகள் இவை. மற்ற இடமெல்லாம் வெறும் பாறையும் பச்சையும்.

இரண்டாவது தடவை அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். காலையிலேயே மழை. பெரியம்மா முகம் வாடிவிட்டது, இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்று. வழியில் தே அனா என்கிற ஊரில் டீக்கு நிறுத்தினபோது தூறல், எக்ளிண்டன் பள்ளத்தாக்கில் நல்ல மழை. மிரர் லேக்ஸ் என்று சின்னச் சின்னக் குட்டைகள் இருக்கின்றன, அங்கே பெயர்ப் பலகையைத் தலைகீழாக எழுதி வைத்திருப்பார்கள், தண்ணீருக்குள் பார்த்தால் நேராகத் தெரியும். அன்றைக்குத் தண்ணீர் முழுக்க மழைத்துளி விழுந்து கலங்கிக் கிடந்தது, பிம்பமே இல்லை. அம்மாகூட "சரி, பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் ஹோமர் சுரங்கப்பாதை. இந்தப் பக்கம் சாம்பல் நிற மலை, மழை, ஒன்றும் தெரியவில்லை. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், உள்ளே போனதும் சாலை கீழ்நோக்கிச் சரியும். பூச்சு எதுவும் இல்லை, குடைந்த பாறை குடைந்தபடியே பஸ் விளக்கில் ஈரமாக மின்னும். வெளியே வந்ததும் டிரைவர், அதுவரைக்கும் மைக்கில் விடாமல் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தவர், பேச்சை நிறுத்திவிட்டார். பஸ்ஸிலும் சத்தமில்லை. சுற்றிலும் செங்குத்தான மலைச் சுவர், அதில் மேலே இருந்து கீழே வரைக்கும் வெள்ளை நூல் நூலாக அருவிகள். கண்ணாடிக் கூரை வழியே தலைக்கு மேலும் அருவிதான். பெரியம்மா விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார்கள். "நாப்பத்தேழு வரைக்கும் எண்ணினேன்டா, அதுக்கு மேல எது எதுன்னு தெரியல" என்றார்கள்.

இதில் முக்கியமானது அடுத்து நடந்தது. படகில் ஏறின கொஞ்ச நேரத்தில் மழை விட்டுவிட்டது. சாயங்காலம் திரும்பி அதே இடத்துக்கு வந்தபோது பெரியம்மா மறுபடி எண்ணினார்கள். பன்னிரண்டு. மீதி முப்பத்தைந்தும் காணோம்!

ஏன் என்றால், அந்தச் சுவர்களில் மண் கிடையாது. மெல்ல நகர்கிற பெரிய பனிக்கட்டி, அதாவது பனியாறு, வழித்துவிட்டுப் போன கெட்டிப் பாறை. நம் மனதில் இருக்கிற மலை மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு ஊற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இந்த மலை குடிக்காது. விழுந்த தண்ணீர் விழுந்த கையோடு வழிந்து ஓடும். மழை நின்ற சில மணி நேரத்தில் அருவி மெலிந்து காணாமல் போய்விடும். வெயில் நாளில் போகிறவருக்கு அவை அங்கே இருந்ததே தெரியாது. அதனால்தான் பாதி மில்ஃபோர்ட் என்கிறேன்.

அங்கே ஒரு வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் நான்கு வருடத்தில் பெய்கிற மழையைவிட அதிகம். பாதி நாள் மழை நாள்தான். தெற்கு அரைக்கோளத்தில் 40 பாகை அட்சரேகைக்குத் தெற்கே மேற்குக் காற்று ஓயாமல் வீசும், அது டாஸ்மன் கடல் முழுக்க ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து முதலில் மோதுகிற சுவர் இந்த மலைகள். மேலே ஏறினதும் குளிர்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. அந்தப் பக்கம் இறங்கும்போது காற்று காய்ந்துவிடும். குயின்ஸ்டவுனைத் தாண்டி இன்னும் கிழக்கே அலெக்ஸாண்ட்ரா என்று ஒரு ஊர், அங்கே வருடத்துக்கு 400 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அதனால் சகோதரி, உங்கள் போன் காட்டுகிற மழை எந்த ஊர் மழை என்று முதலில் பாருங்கள். குயின்ஸ்டவுன் வானத்தை வைத்து மில்ஃபோர்ட் வானத்தைச் சொல்லவே முடியாது, நடுவில் ஒரு மலைத்தொடரே இருக்கிறது.

தூரத்துக்கும் அந்த மலைத்தொடர்தான் காரணம். வரைபடத்தில் அடிக்கோல் வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 70 கிலோமீட்டர். பஸ் போவது 290 கிலோமீட்டருக்குப் பக்கம், நாலு மணி நேரம், போக மட்டும். தெற்கே ஏரிக்கரையோடு இறங்கி, தே அனா வரைக்கும் சுற்றி, அங்கிருந்து வடக்கே ஏறி, சுரங்கத்தில் நுழைந்துதான் போக முடியும். மலைக்குக் குறுக்கே ரோடு இல்லை.

"இரண்டு மணி நேரப் படகுக்காக" என்கிற வார்த்தை இருக்கிறதே, அதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொல்லுவேன். தே அனாவிலிருந்து மில்ஃபோர்ட் வரைக்குமான அந்த 120 கிலோமீட்டரே ஒரு டூர்தான். அந்தச் சுரங்கத்தை எப்படித் தோண்டினார்கள் தெரியுமா? 1935இல் ஐந்து பேரோடு ஆரம்பித்த வேலை. பொருளாதார மந்தக் காலம், வேலை இல்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு போட்ட திட்டம். கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி. கூடாரத்தில் வாழ்க்கை. குளிர்காலத்தில் மலை மறைப்பதால் மாதக்கணக்கில் வெயிலே படாத இடம். கிழக்குப் பக்கமிருந்து கீழ்நோக்கிக் குடைந்தார்கள், அதனால் பாறை இடுக்கில் கசிகிற தண்ணீரெல்லாம் வெளியே ஓடாமல் அவர்கள் வேலை செய்கிற முனையிலேயே வந்து தேங்கியது. அதை இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். பனிச்சரிவில் மூன்று பேர் இறந்துபோனார்கள். நடுவில் உலகப் போர் வந்து வேலை நின்றது. கடைசியில் வண்டிகளுக்குத் திறந்தது 1954இல். அந்த ஈரப் பாறையை பஸ் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும், அந்த இரண்டு நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள்.

சுரங்கத்துக்கு வெளியே சிக்னலில் நிற்கும்போது கியா கிளிகள் வரும். பாசிப் பச்சை நிறம், இறக்கையை விரித்தால் உள்ளே ஆரஞ்சு. பஸ் ஜன்னல் ரப்பரைக் கொத்தி உரிக்கும். தயவுசெய்து எதுவும் போடாதீர்கள், மனிதர்கள் போடுகிற தீனி அதன் உயிருக்கே ஆபத்து, எண்ணிக்கையில் ஏற்கெனவே குறைந்துபோன பறவை.

சரி, படகுக்கு வருகிறேன். ஒரு விஷயம் யாராவது கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருக்கிறேன். "மழை பெய்தால் என்ன செய்வது" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். "அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது" என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. ஆனால் அந்த இடத்தின் ரகசியமே அதில்தான் இருக்கிறது.

பெயரில் சவுண்ட் என்று இருந்தாலும் அது ஃபியோர்டு என்று முன்பே பேசியிருக்கிறோம். ஆறு வெட்டின பள்ளத்தாக்கில் கடல் ஏறினால் சவுண்ட், பனியாறு வெட்டின பள்ளத்தில் கடல் ஏறினால் ஃபியோர்டு. உள்ளே ஆழம் 250 மீட்டருக்கு மேல். அதில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் இந்த மழை வந்து சேர்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீரோடு உடனே கலந்துவிடாது, மேலே சில மீட்டருக்கு ஒரு படலமாக மிதக்கும். அதுவும் வெறும் தண்ணீர் இல்லை. காட்டு இலைச் சருகில் ஊறி வருவதால் டீ டிகாஷன் நிறம் ஏறியிருக்கும். அந்த நிறம் வெயிலைக் கீழே விடாது. அதனால் பத்து மீட்டர் ஆழத்திலேயே ஆழ்கடலில் இருக்க வேண்டிய இருட்டு வந்துவிடுகிறது. வெளிக்கடலில் இன்னும் வெகு ஆழத்தில் வாழ்கிற கறுப்புப் பவளம், அந்த இருட்டை நம்பி இங்கே மேலேயே வளர்கிறது. பெயர்தான் கறுப்பு, உயிரோடு இருக்கும்போது வெள்ளையாகப் பூத்த மரம் மாதிரி இருக்கும், உள்ளே இருக்கிற எலும்புதான் கறுப்பு. ஹாரிசன் கோவ் என்கிற இடத்தில் தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்கிற கண்ணாடி அறை ஒன்று இருக்கிறது, சில டூர்களில் அதுவும் சேர்ந்திருக்கும், உங்கள் டூரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். நான் அங்கே நின்று பார்த்தபோது நினைத்தது இதுதான்: மேலே பெய்கிற மழை நின்றுபோனால் கீழே இருக்கிற இந்தப் பவளத்துக்கு இங்கே இடமில்லை.

காடும் அப்படித்தான். மண் இல்லாத சுவரில் மரம் எப்படி நிற்கிறது? பாறையில் பாசி படர்கிறது, பாசியில் செடி, செடிக்கு மேல் மரம். வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்த மாதிரி நிற்கின்றன. கனமழையில் ஒரு மரம் பிடி நழுவினால் கீழே இருக்கிற அத்தனையையும் இழுத்துக்கொண்டு கடலில் விழும். மர நழுவல் என்று வழிகாட்டி காட்டுவார், பச்சைச் சுவரில் மேலிருந்து கீழே நீளமாக வழித்தெடுத்த கோடு. சில கோட்டில் மறுபடி பாசி ஏறி இளம்பச்சையாக இருக்கும். எது பழையது எது புதியது என்று நிறத்தை வைத்தே சொல்லலாம்.

அன்றைக்கு ஸ்டர்லிங் அருவிக்குக் கீழே படகின் மூக்கைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன் என்ற அம்மா முன்தளத்தில் போய் நின்றார்கள். சேலைக்கு மேல் என் மழைக்கோட்டு. சாரல் வந்து அடித்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் குவித்து நீட்டினார்கள். கை நிரம்பினதும் தலையில் தெளித்துக்கொண்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அந்த இடம் பியோபியோதாஹி. பியோபியோ என்பது இப்போது அழிந்துபோன ஒரு பறவை, மாவி என்கிற அவர்களுடைய புராண வீரன் இறந்த துக்கத்தில் ஒற்றைப் பியோபியோ இங்கே பறந்து வந்தது என்பது கதை. இன்னொரு கதையும் உண்டு. இவ்வளவு அழகான இடத்தில் மனிதர்கள் வந்தால் போகவே மாட்டார்கள் என்று, ஹினே நுயி தே போ என்கிற தெய்வம் ஒரு பூச்சியை அங்கே விட்டாளாம். நாமு என்று பெயர், எள் அளவு கறுப்பு ஈ. பகலில்தான் கடிக்கும், நின்றால் கடிக்கும், நடந்தால் விட்டுவிடும். துறையில் காத்திருக்கும்போது காலை மூடிக்கொள்ளுங்கள். கொட்டுகிற மழையிலும் பலத்த காற்றிலும் அது வராது, அதுவும் மழை நாளின் ஒரு லாபம்.

இப்போது அப்பா. பஸ் ஒன்றரை இரண்டு மணிக்கு ஒரு தடவை நிற்கும், கழிப்பறை இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் நிற்கும். படகில் கண்ணாடி போட்ட உள்தளம் இருக்கிறது, குளிர் தாங்காவிட்டால் அங்கே உட்காரலாம். ஆனாலும் 71 வயதுக்கு பதின்மூன்று மணி நேரம் அதிகம் என்று தோன்றினால், டூரை விடாதீர்கள், தங்குகிற ஊரை மாற்றுங்கள். ஒரு ராத்திரி தே அனாவில் தங்கினால் அங்கிருந்து இரண்டு மணி நேரம்தான், அங்கிருந்தும் பஸ்-படகு டூர் உண்டு. திரும்பும்போது சின்ன விமானத்தில் வந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், மழை நாளில் அதை நம்பாதீர்கள், மேகம் இறங்கினால் பறக்காது.

மழைக்கு பயப்பட வேண்டாம் என்றேன், சாலை மூடுவது வேறு. பனிக்காலத்திலும் வசந்தத்திலும் பனிச்சரிவு ஆபத்து என்றால் சாலையை மூடிவிடுவார்கள். 2020 பிப்ரவரியில் பெருமழையில் சாலை பல இடத்தில் அறுந்தே போனது, மில்ஃபோர்டில் மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். அதனால் முந்தின நாள் ராத்திரியும் அன்று காலையும் சாலை திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூடினால் டூர்க்காரர்களே ரத்து செய்வார்கள், பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் தருவார்களா என்பதை இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாலை திறந்திருந்தால் கிளம்புங்கள்.

குடை வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது. தலைமூடி வைத்த மழைக்கோட்டு, ஒரு ஜோடி காலுறை கூடுதலாக, போனுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. அப்பாவுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுங்கள். சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் எண்ணச் சொல்லுங்கள், திரும்பி வரும்போதும் எண்ணச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.