எந்த உடல், நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, இப்போதுதான் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, கொசுக்கடியிலும் நாற்காலியை விடாத பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'பெண் யார் என்று சொல்வது உடலா, வாழ்வா?' வாழ்வே என்று பேச வந்திருக்கிறேன். அண்ணன் இரண்டு அம்பு விட்டார். மருத்துவமனைகளில் 'தாய்' என்ற சொல்லையே ஒழிக்கிறார்கள் என்பது ஒன்று. பிரிட்டன் உச்ச நீதிமன்றமே உடல்தான் என்று தீர்ப்பளித்துவிட்டது என்பது இன்னொன்று.

முதல் அம்பு சீக்கிரம் விழுந்துவிடும். 2021-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் மருத்துவமனை, ஆணாக வாழும் ஒருவர் பிள்ளைபெற வந்தால் எப்படிக் குறிப்பிடுவது என்று சில புதுச் சொற்களைச் சேர்த்தது. சேர்த்தது அண்ணே, எடுக்கவில்லை! 'பெண்', 'தாய்' என்ற சொற்கள் இருக்கும், பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். பந்தியில் இன்னொரு இலை போட்டால் உங்கள் இலையில் சோறு குறைந்துவிடுமா?

இரண்டாவது, 2025 ஏப்ரல் 16 தீர்ப்பு. அண்ணன் அதைப் பாதியோடு நிறுத்திவிட்டார். 2010 சமத்துவச் சட்டத்தில் வரும் 'பெண்' என்ற சொல்லுக்கு மட்டும்தான் பொருள் சொல்கிறோம், அதற்கு வெளியே பெண் என்றால் யார் என்று வரையறுப்பது எங்கள் வேலையல்ல என்று அந்த நீதிபதிகளே எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்று விட்ட வேலையை அண்ணன் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்?

சரி, உடல்தான் என்றே வைத்துக்கொள்வோம். எந்த உடல்? அதையாவது முடிவாகச் சொல்லுங்கள். விளையாட்டு உலகம் அறுபது வருடமாகச் சொல்லிப் பார்க்கிறது. 1966-ல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகளை ஆடையில்லாமல் மருத்துவர்கள் முன்னால் வரிசையில் நிறுத்தினார்கள். கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடுமாம்! 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கண் போதாது, குரோமோசோம் என்றார்கள். 1985-ல் ஜப்பானின் கோபேயில் நடந்த உலகப் பல்கலைக்கழக மாணவர் போட்டியில் ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ அந்தச் சோதனையில் தோற்றார். பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். குரோமோசோம் மட்டும் வேறு. உதவித்தொகை போயிற்று, சாதனைகளை அழித்தார்கள். அவர் விடாமல் போராடினார். 1988-ல் "நீ பெண்தான், வந்து ஓடு" என்று திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். 1999-ல் ஒலிம்பிக் குழு எல்லோருக்கும் நடத்திய சோதனையையே கைவிட்டது. 2011-ல் ஹார்மோன் வந்தது: ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். 2018-ல் சில ஓட்டங்களுக்கு அது 5 ஆயிற்று, 2023-ல் 2.5. 2025-ல் ஹார்மோனும் போய், மரபணுச் சோதனை. அளவுகோலே இத்தனை தடவை மாறினால், அளக்கப்படுகிறவள் என்ன செய்வாள்?

ஸ்பெயின் வரை போவானேன்? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் வேலை பார்த்த தாய் தகப்பனுக்குப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். ஊரே வெடி வெடித்தது. சில நாளில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பிடுங்கினார்கள். பிள்ளையிலிருந்து பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவரிடம், நீ பெண்ணில்லை என்று ஒரு காகிதம் சொன்னது. பிறகு அவரும் சூளையில் கூலிக்கு நின்றார். பின்னாளில் பயிற்சியாளர் ஆனார். பதக்கம் இன்னும் திரும்பவில்லை. ஸ்பெயின்காரிக்குத் திறந்த கதவு கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கு ஏன் திறக்கவில்லை என்பது தனிப் பட்டிமன்றம். நடுவர் தேதி கொடுத்தால் அதற்கும் வருவேன்.

போட்டிக்கு ஒரு விதி வேண்டாமா என்று அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. வேண்டும். ஓட்டப்பந்தயத்துக்கு விதி போடுங்கள், பேசித் தீர்ப்போம். அந்த விதியைத் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்கு வராதீர்கள் என்கிறேன். வந்தார்களே! 2018 அக்டோபரில் தூத்துக்குடி கோயிலில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் திருமணம். தாலி கட்டியாயிற்று. பதிவு அலுவலகம் மறுத்தது: இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றால் பெண், இவர் பெண்ணல்ல. 2019 ஏப்ரல் 22-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம், திருமணத்தைப் பதிவு செய் என்றார். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. இடைப்பாலாகப் பிறக்கும் குழந்தைகளை ஆண், பெண் கட்டத்துக்குள் அடைக்கச் செய்யும் அறுவை சிகிச்சைக்குத் தடை வேண்டும் என்றது. அதே ஆண்டு தமிழக அரசும் ஆணை போட்டது. வரையறைக்குப் பொருந்தாத பச்சைக் குழந்தையைக் கத்தி வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள், அண்ணே. உங்கள் வரையறையின் விலை அது.

இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு, தமிழுக்கு ஆகாது என்றும் சொன்னார். நன்னூல் படித்தவர் சொல்லலாமா? ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவர், அதாவது விரும்புகிறவர், பெண்பால் என்கிறார் பவணந்தி. உடம்பைப் பார்க்கவில்லை, எதை அவாவுகிறார் என்று பார்த்தார். அடுத்த வரியில் அஃறிணையோடும் சேர்த்துப் பேசுகிறார். எதிரணி எடுத்து வீசுமுன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வரி எனக்கும் கசக்கிறது. முந்தைய வரி இல்லையென்று ஆகிவிடாதே.

மணி அடித்துவிட்டார் நடுவர். அடுத்துப் பேச வரும் எதிரணி அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண், குரோமோசோம், ஹார்மோன், மரபணு: இதில் எதை வைத்து உங்களைப் பெண் என்று நாங்கள் இத்தனை நேரம் 'அக்கா' என்றோம்? பதிலைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். வணக்கம்.